முன்கூட்டிப் போட்ட ஸ்தோத்திரக் காணிக்கை

செப்டம்பர் 28, ஞாயிறு

மக்களே மக்களே மக்களே, எதுத்தூன் அண்ணன் நம்ம ஆரோன்புரத்துக்கு வருகிறார், ஜனவரி பதினெட்டு, பள்ளிக்கூட மைதானம், போதகர் ஐயா இப்போதுதான் ஆராதனை முடிவில் அறிவித்தார், நான் போட்ட சத்தத்தில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதேவிட்டது!!!

‘எதுத்தூன் சேனை’ சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இது கிறிஸ்தவப் பாடகர் எதுத்தூன் அண்ணனின் ரசிகர் சேனல், நான் ஹெப்சி. வயது இருபது. அண்ணனுடைய வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓட்டி ஓட்டியே கீபோர்டு கற்றுக்கொண்டவள். ஞாயிறுதோறும் எங்கள் சபையில் வாசிப்பதும் நான்தான். அண்ணன் எந்தப் பாட்டை எந்த ஸ்கேலில் பாடினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொரு விஷயம். எங்கள் அம்மா வயலட் ஜெயசீலி, சபைப் பாடகர் குழுவில் என் வயதைவிட நீண்ட காலமாக முதல் குரல். ஜூன் மாதம் கழுத்தில் தைராய்டு கட்டி எடுத்தார்கள். கட்டி நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்ததாம். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்போது காற்று மட்டும்தான் வருகிறது. “ஆறு மாதம் பார்க்கலாம். வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர்.

வரும். ஜனவரி பதினெட்டு அன்று அம்மா மேடையேறி அண்ணனோடு பாடுவாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நடப்பதையெல்லாம் நாட்குறிப்பாக இங்கேயே எழுதப்போகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

வீட்டு நிலவரம். அம்மாவால் கூப்பிட முடியாது என்பதால் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறாள். ஒரு தட்டு என்றால் நான். இரண்டு என்றால் அப்பா. இன்று நான்கைந்து தட்டு விழுந்தது. நானும் அப்பாவும் ஓடிப்போய்ப் பார்த்தால், காயப்போட்ட வடகத்தில் கோழி.

அப்பா பொன்ராஜ் மினி லாரி ஓட்டுகிறார். “கல்யாணமான நாள்ல இருந்து இப்பதான் வீட்ல நான் பேசுதது எனக்கே கேக்குது” என்றார். அம்மா கரண்டியை எறிந்தாள். குறி தப்பவில்லை.

டாக்டர் சொன்ன குரல் பயிற்சி இரண்டு. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளிக்கொண்டே “ஆ” சொல்ல வேண்டும். பிறகு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டுக் குமிழி ஊத வேண்டும். இப்போதைக்குக் குமிழி நன்றாக வருகிறது.

அக்டோபர் 11, சனி

அம்மா இன்னும் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகிறாள்! முன்வரிசையில், பழைய இடத்திலேயே நின்று வாயை மட்டும் அசைக்கிறாள். எனக்குத்தான் சங்கடம். பக்கத்தில் நிற்கும் டெய்சி பெரியம்மா கேட்டேவிட்டாள்: “ஏ வயலட்டு, சத்தமில்லாம வாயசைக்கதுக்கு எதுக்குட்டி முன்வரிச?”

அம்மா உதட்டைக் குவித்து ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் சொன்னேன். “சுகமான பொறகு போலாம்லாம்மா. அதுவரைக்கும் வீட்ல இருந்து ஜெபம் பண்ணு.” அவள் என் காதருகே வந்து காற்றாலேயே சொன்னாள்: “சத்தந்தான போச்சு. பாட்டு எனக்குத் தெரியும்லா.”

நவம்பர் 2, ஞாயிறு

சாயங்காலம் அண்ணனின் லைவ் பார்த்தீர்களா? “வாங்கின பிறகு நன்றி சொல்றது மரியாதை. வாங்குறதுக்கு முன்னாலேயே நன்றி சொல்றதுதான் விசுவாசம்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பன்னிரண்டு ஹார்ட் போட்டேன்.

ஒரு காரியம் செய்யப்போகிறேன். என்ன என்று அடுத்த ஞாயிறு தெரியும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பு என்று சொல்லிவிட்டு நல்ல நாளை மட்டும் போட்டால் அது விளம்பரம்.

எங்கள் சபையில் பிறந்தநாள், வேலை கிடைத்தது, சுகம் கிடைத்தது என்றால் ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, மேலே காரணம் எழுதிக் கொடுப்போம். ஐயா அதை எல்லார் முன்பும் வாசித்து ஜெபிப்பார். நான் கொடுத்த கவரை வாசித்தார்: “திருமதி வயலட் ஜெயசீலி அம்மாவுக்குக் கர்த்தர் மறுபடியும் குரல் தந்ததற்காகக் குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை.”

இன்னும் தரவில்லை. தருவார் என்று நான் முன்கூட்டியே எழுதியது.

கைதட்டல். பின்வரிசைப் பெண்கள் எழுந்து “அல்லேலூயா” என்றார்கள். டெய்சி பெரியம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். ஐயா சந்தோஷத்தில் பீடத்திலிருந்து இறங்கியே வந்துவிட்டார். “அம்மா, எத்தன மாசமாச்சு உங்க சத்தங் கேட்டு! ஒரு சரணம், ஒரே ஒரு சரணம் பாடுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வாயைத் திறந்தாள். மைக்கில் காற்று வந்தது. சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம், கோவில் முழுக்க.

குழுத் தலைவர் ராஜகனி அண்ணாச்சி சட்டென்று ஆர்மோனியத்தில் வேறு பாட்டைத் தொடங்கினார். எல்லாரும் அவசரமாக அதைப் பாடினார்கள்.

வீட்டில் அப்பா: “ஏட்டி, நடக்காத காரியத்துக்கு யாராவது நன்றி எழுதிக் குடுப்பாங்களா?”

“அதுதாம்ப்பா விசுவாசம்.”

“அப்படியா? அப்ப எனக்குப் புது லாரி வந்துட்டுன்னு நாளைக்கே ஒரு கவர் போடு. பேங்க்காரன் வந்து ஜாமீன் கேட்டா கோயிலக் காட்டுதேன்.”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா” என்று மட்டும் சொன்னாள். கண்ணீர் வெங்காயத்தால்.

நவம்பர் 16, ஞாயிறு

கீபோர்டு அடாப்டர் கெட்டுவிட்டது. கோவிலுக்குப் போகவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அடாப்டர்.

நவம்பர் 30, ஞாயிறு

அப்பா தூத்துக்குடியிலிருந்து புது அடாப்டர் வாங்கி வந்தார். அதன் முனை கீபோர்டில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். போட்டுப் பார்த்தாயா என்று கமெண்டில் யாரும் கேட்க வேண்டாம்.

ஒருவர் எழுதியிருந்தார்: ‘சகோதரி, உங்களிடம் விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் தாமதம்.’ அவரை பிளாக் செய்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பிறகு மறுபடியும் செய்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

திருநெல்வேலி. ஆறு மாதப் பரிசோதனை. மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் திரையில் காட்டினார்கள். தொண்டைக்குள் இரண்டு வெள்ளை நாடாக்கள். வலது பக்கம் ஆடுகிறது. இடது பக்கம் அசையாமல் கிடக்கிறது.

டாக்டர் மேடம் நேராகவே சொன்னார். “இடது பக்கம் இனிமே அசையும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா வலது பக்கம் நல்லா வேலை செஞ்சு, அந்தப் பக்கம் போய் தொட ஆரம்பிச்சிருக்கு. பேச்சு வரும். கரகரன்னு, தாழ்ந்த குரல்ல. பழைய மாதிரி மேல போய்ப் பாடுறது கஷ்டம்மா.”

அம்மா தலையாட்டினாள். வெளியே வந்து எனக்கு அல்வா வாங்கித் தந்தாள். பேருந்தில் ஜன்னலில் சாய்ந்து தூங்கினாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள்.

நான் தூங்கவில்லை. கர்த்தரிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதினால் இந்தச் சேனலை நீங்களே ரிப்போர்ட் செய்துவிடுவீர்கள். அம்மா அவருக்காகத்தானே பாடினாள்? ஊர்த் திருவிழாவிலா பாடினாள்? குரல் எடுத்துக்கொள்ள வேறு ஆளே கிடைக்கவில்லையா? இதுவரைதான் பப்ளிக்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். கோவிலுக்குள் போகவில்லை. வெளியே செருப்புகள் பக்கத்தில் நின்றேன். புத்தாடை கசங்கக்கூடாது என்று காரணம் சொன்னேன்.

வெளியே நின்றதால் ஒன்று கேட்டது. பாடகர் குழு எப்போதும் போல ‘ஜி’ ஸ்கேலில் எடுத்தது. அனுபல்லவியில் மேலே ஏறும் இடம் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். டெய்சி பெரியம்மா குரல் கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் அம்மா ஒருத்திதான் ஏறியிருக்கிறாள். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சும்மா நின்றிருக்கிறார்கள். தாழ்ந்த ‘டி’ ஸ்கேலுக்கு இறக்கினால் எல்லாருக்கும் எட்டும்.

எனக்கென்ன. நான்தான் வாசிப்பதில்லையே.

ஜனவரி 1, வியாழன்

புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும்போது அம்மா எனக்கும் ஒன்று எடுத்து வந்தாள். நான் பார்க்கவில்லை. பீரோ மேல் இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

இதை எழுதலாமா என்று எதுத்தூன் அண்ணனிடமே மெசேஜில் கேட்டேன். ‘உள்ளதை எழுது தங்கச்சி’ என்று பதில் வந்தது. எழுதுகிறேன். கிண்டல் செய்ய வருபவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

நேற்று மாலை மைதானம் நிறைய ஜனம். ரசிகர் சேனல் நடத்துபவள் என்பதால் என்னையும் அம்மாவையும் மேடைக்குப் பின்னால், பள்ளிக்கூட ஆசிரியர் அறைக்குள் விட்டார்கள். எனக்கு ஒரே திட்டம்தான். அண்ணன் அம்மா தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். டாக்டர் சொன்னது இருக்கட்டும். இது கடைசி.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. கூட வந்தவர் என்னிடம், “டிசம்பர் முழுக்க கூட்டம் சிஸ்டர், தொண்டை போயிடுச்சு. இன்னிக்கு ரெக்கார்டு பண்ணின டிராக் போட்டு வாயசைச்சுதான் ஓட்டணும். வெளிய சொல்லாதீங்க” என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை. நேராகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து வெந்நீர் ஊற்றி ஆற்றினாள். ஒரு ஸ்ட்ராவை எடுத்து டம்ளரில் போட்டு, ஊதிக் காட்டினாள். குமிழி. இன்னொரு ஸ்ட்ராவை அவரிடம் நீட்டினாள். நான் இத்தனை வருஷம் போஸ்டரில் பார்த்த எதுத்தூன் அண்ணன், ‘ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு’ என்று எழுதியிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என் அம்மாவோடு சேர்ந்து குமிழி ஊதினார்.

“எப்ப சரியாகும்மா?” என்று கரகரத்தார்.

“உங்களுக்கு வாய மூடிட்டு ஒரு வாரம் இருந்தாப் போதும் தம்பி.” அம்மாவுக்கு இப்போது இப்படி ஒரு தாழ்ந்த உறுமல் வருகிறது.

“உங்களுக்கு?”

“எனக்கு இவ்வளவுதான்.”

அவர் ஸ்ட்ராவைக் கீழே வைத்தார். “எனக்கும் திரும்ப வராமலே போயிட்டா? பயமா இருக்கும்மா. பாட்டு தவிர எனக்கு ஒண்ணுமே தெரியாது.” பிறகு தலையைக் குனிந்தார். “எனக்காக ஜெபிப்பீங்களா?”

அம்மா எழுந்து அவர் தலையில் கை வைத்தாள். ஜெபித்தாள். பாதி காற்று, பாதி உறுமல். ஜெபம் வாங்கப் போன நாங்கள் கொடுத்துவிட்டு வந்தோம்.

வரும்போது அப்பாவின் லாரியில் கேட்டேன். “உனக்காக ஜெபிக்கச் சொல்லி ஏம்மா கேக்கல?”

“அந்தத் தம்பி பயந்து போயி இருந்துச்சு ஹெப்சி. அதுகிட்டப் போயி நான் என்னத்தக் கேக்க?”

“உனக்குப் பயமா இல்லையா?”

“இருந்துச்சு. அன்னைக்குக் கோயில்ல எந்திச்சு நின்னேம்லா, அப்ப ரொம்ப இருந்துச்சு.”

“அப்ப ஏன் நின்ன?”

“நீ எழுதிக் குடுத்திருந்தியே.”

அப்பா ஹாரன் அடித்தார். முன்னால் யாருமே இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

அடாப்டர் வேலை செய்கிறது. ஆச்சரியம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூன்று வாரமாகத் தினமும் மாலை அம்மாவையும் கீபோர்டையும் உட்கார வைத்து, அவளிடம் மிச்சம் இருப்பதைத் தேடுகிறேன். ஒவ்வொரு கட்டையாக அழுத்துவேன். வந்தால் தலையாட்டுவாள். வராவிட்டால் என் கையைத் தட்டிவிடுவாள். முடிவு: ஐந்து சுரம். ஐந்துமே அடியில்.

முதல்முறை ஐந்தையும் சேர்த்துப் பாடியபோது கொல்லையிலிருந்து அப்பா சத்தம் போட்டார்: “ஹெப்சி! எவன்ட்டி அது வீட்டுக்குள்ள, ஆம்பள சத்தம்?”

அம்மா சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அந்தச் சிரிப்பும் உறுமல்தான்.

ஈஸ்டர் காலையில் நாங்கள் முதலில் பாடும் கீர்த்தனையை ‘டி’க்கு இறக்கிப் பார்த்தேன். பல்லவியின் முதல் வரி அந்த ஐந்துக்குள் அப்படியே அடங்குகிறது. மூன்று தடவை சரிபார்த்தேன். அடங்குகிறது.

ஜெபம் இன்னும் பழைய மாதிரி வரவில்லை. ஆனால் தினமும் உட்கார்கிறேன். ஏன் தரவில்லை என்று தினமும் கேட்கிறேன். முன்பு கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்போது கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் விடப்போவதில்லை.

மார்ச் 7, சனி

பயிற்சியில் சண்டை.

நான்: “அண்ணாச்சி, ஈஸ்டர் பாட்ட ‘டி’ல எடுப்போம். முதல் வரிய அம்மா தனியாப் பாடட்டும்.”

ராஜகனி அண்ணாச்சி: “எங்கப்பா ஆர்மோனியம் வாசிச்ச காலத்துல இருந்து இது ‘ஜி’தாம்மா. இறக்குனா பாட்டு தூங்கிரும்.”

டெய்சி பெரியம்மா: “ஒருத்திக்குக் குரல் போச்சுன்னு சபையே கீழ எறங்கணுமாக்கும்?”

“அம்மாவுக்காக இல்ல பெரியம்மா. கிறிஸ்துமஸ் அன்னைக்கு நான் வெளிய நின்னு கேட்டேன். மேல போற எடத்துல ஒருத்தருக்கும் எட்டல. உங்களுக்கும்தான்.”

“எனக்கா எட்டல? பாடுதேன் பாரு!” பாடினாள். பாதியில் இருமல் வந்தது. அண்ணாச்சி ஆர்மோனியத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். பெரியம்மா அம்மாவை முறைத்தாள். அம்மா தன் பிளாஸ்க்கை நீட்டினாள். பெரியம்மா வாங்கிக் குடித்தாள்.

“சரி, ஒருதடவ கீழ எடுத்துத்தான் பாருங்களேன்” என்றாள் முந்தானையால் வாய் துடைத்துக்கொண்டு.

எடுத்தோம். தூங்கவில்லை. முதல்முறையாக ஆண்களும் வாய் திறந்து பாடினார்கள்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஆராதனை முடிந்து போதகர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன்.

“ஐயா, நவம்பர்ல நான் போட்ட கவர் பொய். அம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.”

“தெரியும்மா. அன்னைக்கே உங்கம்மா வந்து, பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்கன்னுட்டுப் போனாங்க. சைகையிலயே சொன்னாங்க. எனக்குப் புரிய அரைமணி நேரம் ஆச்சு.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “நானும் விசாரிக்காம அவங்களப் பாடச் சொல்லிட்டேன். அது எனக்கும் உறுத்தலாத்தான் இருக்கு.”

“அதத் திருத்தணும் ஐயா. புதுசா ஒரு கவர் தாரேன். இந்தத் தடவ அம்மாகிட்டக் கேட்டுட்டேன்.”

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. கோவில் நிரம்பி வாசல்வரை ஜனம். நான் கீபோர்டில். ஐயா கவரை வாசித்தார்:

“திருமதி வயலட் ஜெயசீலி அம்மாவுக்குப் பழைய குரல் திரும்பவில்லை. திரும்பாத இந்த நாட்களிலும் ஒரு சனிக்கிழமைகூட அவர்களைப் பயிற்சிக்கு வராமல் இருக்க விடாத கர்த்தருக்குக் குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை.”

யாரும் கைதட்டவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ‘டி’யைப் பிடித்தேன். அம்மா முன்வரிசையில் எழுந்து நின்றாள். நவம்பரில் நின்ற அதே இடம். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஐந்து சுரம். கரடுமுரடாக, அடியிலிருந்து, கல்லை நகர்த்துகிற மாதிரி. ஒரே ஒரு வரிதான். அது முடிவதற்குள் டெய்சி பெரியம்மா சேர்ந்துவிட்டாள், பிறகு மற்றவர்கள், பிறகு வாசலில் நின்றவர்கள். மேலே ஏறும் இடம் வந்தது. எல்லாருக்கும் எட்டியது. அம்மா அங்கே பாடவில்லை. திரும்பி நின்று, தனக்கு எட்டாத இடத்தை ஊரே பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கடைசி வரிசையில் லாரிச் சாவியால் தாளம் போட்டார்.

நான் கேட்டது கிடைக்கவில்லை மக்களே. செப்டம்பரில் நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவள் கோவிலைவிட்டு ஓடிப்போனாள், திரும்பியும் வந்தாள் என்பதற்கு அது அத்தாட்சி. பீரோ மேல் இருக்கும் வசன அட்டையை இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று இப்போது தோன்றவில்லை. ஒருநாள் பார்ப்பேன்.

இனி உங்களிடம் ஒரு வேலை. வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆரோன்புரம் கோவிலில் பயிற்சி. குரல் உடைந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், எட்டாது என்று பின்வரிசைக்குப் போய்விட்டவர்கள், கோபித்துக்கொண்டு செருப்புப் பக்கம் நிற்பவர்கள், எல்லாரும் வாருங்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். தூரத்தில் இருப்பவர்கள் உங்களுக்கு எதுவரை எட்டுகிறது என்று கமெண்டில் சொல்லுங்கள். ஸ்கேலை அங்கே இறக்கிக்கொள்ளலாம். வெந்நீரும் ஸ்ட்ராவும் அம்மா கொண்டுவருவாள்.